வாளி நிறையும் வரை

சிவப்பு நாடாவுக்குள் கத்தரிக்கோலை விட்டு ஒரே வெட்டில் அறுத்தாள் சூ-யுன். ஏழு வருடமாக ஐந்து மூங்கில் தண்டுகளையும் இடுப்பில் சேர்த்துப் பிடித்திருந்த நாடா. அது அறுந்ததும் தண்டுகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து, கண்ணாடி ஜாடியின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றன.

"சாவு வீட்டுல சிவப்பு ஒரு நூல்கூட இருக்கக் கூடாது" என்றார் சித்தப்பா. புத்தாண்டுக்குக் கதவில் ஒட்டியிருந்த சிவப்புத் தாள்களை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். "ஜாடியில சுத்தியிருக்க தங்கக் காகிதத்தையும் பிரிச்சிடு, சூ-யுன்."

"தங்கக் கலருக்கு என்ன சித்தப்பா?"

"ஓரத்துல சிவப்புக் கோடு இருக்கு பாரு."

இருந்தது. ஏழு வருடமாக அவள் கவனிக்காத கோடு. காகிதத்தையும் பிரித்துக் கசக்கினாள்.

கூடத்தின் நடுவில், பலகைமேல், வாசல் பக்கம் கால் நீட்டி அப்பா படுத்திருந்தார். லியாவ் ஜின்-ஃபா, வயது எண்பத்தாறு. தைனான் நகரத்தில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். காலை ஒன்பது நாற்பதுக்குப் போயிருந்தார். கால்மாட்டில் ஒரு கிண்ணம் சோறு, அதன்மேல் வாத்து முட்டை, குத்தி நிறுத்திய இரண்டு குச்சிகள். சாமி மாடத்தைச் சல்லடை வைத்து மறைத்தாயிற்று. கட்டிலிலிருந்து பலகைக்கு மாற்றியதோடு சரி, இனி எட்டு மணி நேரம் உடம்பைத் தொடக் கூடாது, அதுவரைக்கும் காது கேட்டுக்கொண்டுதான் இருக்கும், சத்தமாகப் பேசக் கூடாது, அழுதாலும் கண்ணீர் மேலே விழக் கூடாது என்று சித்தப்பா வரிசையாகச் சொல்லிவிட்டார். குளிப்பாட்டுவதெல்லாம் சாயங்காலம்தான். அதற்குள் மூத்த மகன் வந்துவிடுவான்.

"முட்டியில என்ன ரத்தம்?" என்றார் சித்தப்பா திடீரென்று.

சூ-யுன் குனிந்து பார்த்தாள். கறுப்புக் கால்சட்டையில் இரண்டு முட்டியிலும் ஈரம் கசிந்து ஒட்டியிருந்தது.

"குழாயடியில வழுக்கிடுச்சு."

"ரெண்டு முட்டியுமா?"

அவள் ஜாடியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஜாடியைச் சமையலறைத் தரையில், குளிர்பெட்டிக்குப் பக்கத்து நிழலில் வைத்தாள். நேர் வெயில் பட்டால் இலை வெளுத்து நுனி கருகிவிடும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் அதில் இருக்கும் மருந்து வேரைத் தின்றுவிடும். ஒரு நாள் முழுக்க வாயகன்ற வாளியில் திறந்து வைத்து, மருந்து வாசனை போன பிறகுதான் ஊற்ற வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை, வியாழக்கிழமை. கூழாங்கற்களை எடுத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். மாதம் ஒருமுறை பழைய துணியில் பீரைத் தொட்டு இலையைத் துடைக்க வேண்டும். ஒரு தண்டு அடியில் மஞ்சளாகி மெத்தென்று ஆனால் அன்றைக்கே உருவி எறிந்துவிட வேண்டும். இரக்கப்பட்டு விட்டுவைத்தால் மற்றதும் அழுகும்.

இதெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போன அந்த மாதம், தைபேயிலிருந்து அண்ணன் வென்-சுங் வந்து, இந்த அதிர்ஷ்ட மூங்கில் ஜாடியை ஜன்னல் ஓரத்தில் வைத்து, "இது பசுமையா இருக்கிற வரைக்கும் அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, சாயங்கால ரயிலுக்குப் போனான். அவள் பள்ளிச் சமையல்கூட வேலையை விட்டாள். அதன் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை வந்தான். ஒன்றிரண்டு வருடம் அதுவும் இல்லை. போன் மட்டும் வரும். எடுத்ததும் கேட்பது, "மூங்கில் எப்படி இருக்கு?" அதற்குப் பிறகுதான் அப்பா.

நாலாவது மாதமே முதல் தண்டு மஞ்சளானது. அப்பாவுக்குச் சொல்ல மனம் வரவில்லை. பேச முடியாத மனுஷன் நாள் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். யாராவது பார்க்க வந்தால் இடது கை விரலால் ஜாடியைக் காட்டுவார், மகன் வாங்கிக் கொடுத்தது என்று. ஞாயிற்றுக்கிழமைப் பூச்சந்தையில் அதே உயரத்துக்கு ஒரு தண்டு தேடி வாங்கி வந்து, அவர் தூங்கும்போது செருகிவைத்தாள். அடுத்த வருடம் இரண்டு. பிறகு இன்னொன்று. போன மழைக்காலத்தோடு அண்ணன் கொடுத்த ஐந்தும் போயிற்று. ஜாடியில் இப்போது இருப்பதெல்லாம் அவள் சந்தையில் பொறுக்கியவை. நாடாவும் காகிதமும் மட்டும் அவனுடையதாக இருந்தன. இன்று அதுவும் இல்லை.

இரண்டரை மணிக்குச் சந்து முனையில் டாக்சி நின்றது.

"அங்கேயே நில்லு" என்று சித்தப்பா வாசலிலிருந்து கை காட்டினார். "உயிர் போறப்போ இல்லாத பிள்ளை நடந்து உள்ள வரக் கூடாது. முட்டி போட்டு வா."

வென்-சுங் தன் கால்சட்டையைப் பார்த்தான். சந்தைப் பார்த்தான். வெயில் தார்மேல் கொதித்தது. எதிர்வரிசையில் மீன் கஞ்சிக் கடைக்காரம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள். தையல்கடை, இருசக்கர வண்டி பழுது பார்க்கும் கடை எல்லாக் கதவிலும் ஆள்.

"சித்தப்பா, சந்து முழுக்கவா?"

"உங்க பாட்டி சாகுறப்போ உங்க அப்பா பஸ்ஸ நிறுத்திட்டு ஓடி வந்தார். கடைசி அரைத்தெரு முட்டி போட்டுத்தான் வந்தார். நீ மூணு வீட்டுக்கு முன்னாடிலேருந்து வா, போதும்."

மூன்று வீடு முட்டி போட்டு வந்தான். அண்ணி மெய்-ஜு பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நடந்தாள். வாசற்படி தாண்டியதும் "அப்பா" என்று குரல் உடைந்து விழுந்து கும்பிட்டான். அழுகை பொய்யில்லை. சூ-யுன் அதையும் பார்த்தாள். ஊதுபத்தியை அவன் கையில் கொடுத்தாள். கும்பிட்டு எழுந்து மூக்கைத் துடைத்தவன் ஜன்னல் ஓரத்தைப் பார்த்தான்.

"மூங்கில் எங்க?"

அவள் அடுத்த ஊதுபத்தியைப் பற்றவைத்தாள்.

மூன்றரைக்குச் சடங்குக் கம்பெனியிலிருந்து சாய் என்ற அம்மாள் வந்தாள். ஐம்பது வயது, கறுப்புக் கோட்டு, மெதுவான குரல். சாவு அறிவிப்பு அச்சுக்குப் போக வேண்டும், இன்றைக்கே எழுத்து முடிவானால் நல்லது என்றாள். அப்பாவின் காதில் விழக் கூடாது என்று எல்லோரும் சமையலறையில் போய் நின்றார்கள். வென்-சுங் ஏற்கெனவே ரயிலில் வரும்போதே போனில் விவரம் சொல்லியிருந்தானாம். சாய் படித்தாள்.

"'எங்கள் அன்புத் தந்தை லியாவ் ஜின்-ஃபா அவர்கள், மக்கள் அருகிலிருந்து பணிவிடை செய்ய, தமது இல்லத்தில் அமைதியாகக் கண்மூடினார். மகன் வென்-சுங். மருமகள் மெய்-ஜு. மகள் சூ-யுன்.' பேரு எழுத்து எல்லாம் சரியா இருக்கா பாத்துக்குங்க."

"அந்த வரி யாரு போட்டது?" என்றாள் சூ-யுன்.

"எந்த வரிங்க?"

"அருகிலிருந்துன்னு."

"அது எல்லாருக்கும் போடுறதுதாங்க. படிவத்துலயே இருக்கு. அது இல்லன்னா வாங்கிப் பாக்குறவங்க, இந்த வீட்டுல என்னமோ ஆயிருக்குன்னு நெனப்பாங்க."

"வழக்கம்தானே சூ-யுன்" என்றான் வென்-சுங். "என் கம்பெனி ஆளுங்க எல்லாருக்கும் போகும். மகன் பக்கத்துல இல்லன்னு எவன் போடுவான்?"

"இப்பதான் சந்தே பாத்துச்சு நீ முட்டி போட்டு வந்தத."

"சந்துல இருக்கறவங்களுக்கா நான் அச்சடிக்கிறேன்?"

"தைபேல இருக்கறவங்க பாக்கலங்கிறதுக்காக நீ இங்க இருந்தவனாயிடுவியா அண்ணே?"

"மெதுவா" என்றார் சித்தப்பா.

சூ-யுன் வாயை மூடிக்கொண்டாள். எதையாவது கையில் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. குளிர்பெட்டிப் பக்கம் திரும்பினாள். தரையில் ஈர வட்டம் மட்டும் இருந்தது. ஜாடி இல்லை.

"இங்க இருந்தது எங்க?"

"மூங்கிலா?" என்றாள் மெய்-ஜு. "பாவம், இருட்டுல கெடந்துச்சு. பின்னாடி வெயில்ல வெச்சு, தண்ணியும் புதுசா மாத்தியிருக்கேன். ஊருக்கு எடுத்துட்டுப் போறோம்ல. இவர்தான் சொன்னாரு, அது வாடாம இருக்கணும்னு."

சூ-யுன் பின்கட்டுக்கு ஓடினாள். சுவரோரம் சுள்ளென்ற வெயிலில் ஜாடி நின்றது. விளிம்பு தட்டக் குழாய்த் தண்ணீர். தண்டுகள் சாய்ந்து கிடந்தன. அவள் அதைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குத் திரும்பி வந்து, மேஜைமேல், சாய் அம்மாளின் காகிதங்களுக்கு நடுவில் வைத்தாள். தண்ணீர் தளும்பிக் காகிதத்தில் கொட்டியது. யாரும் அதைத் துடைக்கவில்லை.

"இதுக்கு என்ன தண்ணி ஊத்தணும், சொல்லு" என்றாள். சத்தம் போடவில்லை. போட முடியாது, கூடத்தில் அப்பா இருக்கிறார். அந்தத் தாழ்ந்த குரல்தான் மற்றவர்களை ஒரு அடி தள்ளி நிற்க வைத்தது.

"என்ன சூ-யுன் இது."

"பக்கத்துல இருந்தவன்னு போடப் போற. ஏழு வருஷம் கட்டிலுக்கு எதிர்ல இருந்த ஜாடி இது. சொல்லு. எத்தன நாளைக்கு ஒருக்கா மாத்தணும்?"

"தண்ணின்னா தண்ணிதான். செடிக்கு வெயிலு, தண்ணி..."

"அப்பாவுக்கு எந்தப் பக்கம் படுக்க வெச்சா இருமல் வராது?"

அவன் சாய் அம்மாளைப் பார்த்தான். சாய் தன் பேனாவைப் பார்த்தாள்.

"கட்டில் கம்பியில ஒரு விரலால ரெண்டு தடவ தட்டினா என்ன அர்த்தம்? மூணு தடவ தட்டினா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அதத்தான் கேக்குறேன். உனக்கு எப்படித் தெரியும்?"

மெய்-ஜு குறுக்கே வந்தாள். "நாங்க மாசாமாசம் டயப்பரு, பால் பவுடரு எல்லாம் அனுப்பல? மறந்துட்டுப் பேசாதீங்க."

"அனுப்பினீங்க அண்ணி. பெட்டி பெட்டியா வரும். பெட்டியப் பிரிக்கவும் நான்தான் இருந்தேன்."

வென்-சுங் நெற்றியைத் தேய்த்தான். குரலை இறக்கி, விட்டுக்கொடுப்பவன்போல் சொன்னான்: "சரி, நீ இருந்தல்ல. நீ இருந்தா குடும்பமே இருந்த மாதிரிதானே. அந்த அர்த்தத்துல எடுத்துக்கயேன்."

சூ-யுன்னுக்குக் காது அடைத்தது. குடும்பமே இருந்த மாதிரி. இரவு மூன்று தடவை புரட்டிப் போட்ட முதுகு, விரல் விட்டு எடுத்த சளி, முடி கொட்டிப்போன தன் தலை எல்லாவற்றையும் அவன் ஒரு வாக்கியத்தில் மடித்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். உன் மூங்கில் ஐந்தும் எப்பவோ அழுகிப்போச்சுடா என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கூடத்தைப் பார்த்தாள். போர்வைக்கு வெளியே அப்பாவின் கால் விரல்கள் தெரிந்தன. அவர் காது இன்னும் திறந்திருக்கும். விழுங்கிக்கொண்டாள்.

சித்தப்பா கனைத்தார். "அவ சொல்றதுல தப்பில்ல. சாய் அம்மா, 'மக்கள்'னு வேணாம். 'மகள் சூ-யுன் அருகிலிருந்து'ன்னு போடுங்க. அது உண்மை. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

சாய் அந்தச் சொல்லை அடித்துவிட்டு மேலே எழுதத் தொடங்கினாள். வென்-சுங்கின் காது சிவந்திருந்தது. ஏழு வருடத்தில் அவள் பெயர் எதிலும் முதலில் வந்ததில்லை. பேனா அவள் பெயரின் முதல் எழுத்தைப் போட்டது.

"வேணாம்" என்றாள் சூ-யுன்.

பேனா நின்றது.

"நான் பக்கத்துல இல்ல."

"என்ன சொல்ற?" என்றார் சித்தப்பா.

"உயிர் போறப்போ நான் அவர் பக்கத்துல இல்ல. இந்த ஜாடிய எடுத்துட்டுக் குழாயடிக்குப் போயிருந்தேன். கல்லக் கழுவி, நேத்து வெச்ச தண்ணிய ஊத்தி முடிச்சிட்டேன். அப்பவே உள்ள வந்திருக்கலாம். அடுத்த தடவைக்குத் தண்ணி புடிச்சு வெக்கணுமேன்னு வாளிய வெச்சுக் குழாயத் தொறந்துவிட்டேன். காலைல தண்ணி சன்னமாத்தான் வரும். வாளி நிறையட்டும்னு நின்னேன். உள்ள வந்தா வாய் தொறந்திருந்துச்சு."

குளிர்பெட்டி உறுமி நின்றது.

"அப்ப நீயும்தான் இல்ல" என்றான் வென்-சுங். அதில் வெற்றி மாதிரி ஏதோ இருந்தது. சொன்னவனுக்கே அது கேட்டிருக்க வேண்டும். கண்ணை வேறு பக்கம் திருப்பினான்.

"ஆமா. நானும் இல்ல. நான் இருந்தேன்னு பொய் போட மாட்டேன். நீயும் போடாத."

"அதுக்கு இப்படியா..." என்று தொடங்கிய மெய்-ஜுவைச் சித்தப்பா கை காட்டி நிறுத்தினார். அவர் சூ-யுன்னின் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழாயடிலேருந்து கட்டில் வரைக்குமா?" என்று கேட்டார்.

"வழக்கம் அதானே சித்தப்பா."

"யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல."

பின்கட்டு முழுக்கச் சொரசொரப்பான சிமெண்ட். சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அந்த வரிய எடுத்துடுங்க" என்றார்.

"எடுத்துட்டா அந்த எடம் வெறுமையா தெரியுங்க" என்றாள் சாய்.

"தெரியட்டும்."

வென்-சுங் என்னவோ சொல்ல வாயெடுத்தான். சித்தப்பா அவனைப் பார்த்தார். அவன் போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனான். யாருக்கும் போன் செய்யவில்லை. சுவரைப் பார்த்து நின்றான்.

சாய் தன் பையிலிருந்து துக்கத் துணி எடுத்து அளந்து கிழித்தாள். மகனுக்கும் மகளுக்கும் சட்டையின் இடது கையில் குத்திக்கொள்ள ஒரு துண்டு சணல் துணி. மிச்சத்தில் ஒரு நாரை உருவிச் சூ-யுன் ஐந்து தண்டுகளையும் சேர்த்துக் கட்டினாள். வேறு கயிறு கைக்கு அகப்படவில்லை. சாய் பார்த்தாள்.

இரண்டு தடவை தட்டினால் மூங்கிலுக்குத் தண்ணீர். மூன்று தடவை என்றால் புரட்டிப் போடு. காலையில் அப்பா இரண்டு தடவை தட்டினார். "நாளைக்குத்தானே வியாழக்கிழமை, நாளைக்கு மாத்துறேன் பா" என்றாள். அவர் மறுபடியும் இரண்டு தடவை தட்டினார். அவள் ஜாடியைத் தூக்கும்வரை தட்டிக்கொண்டே இருந்தார். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆறு மணிக்குச் சித்தப்பா எழுந்தார். "நேரமாச்சு. தண்ணி கேக்கணும்."

அப்பாவைக் குளிப்பாட்டும் தண்ணீரை மூத்த மகன்தான் கேட்டு வாங்க வேண்டும். அந்தக் காலத்தில் ஓடைக்குப் போவார்கள். இப்போது குழாயடிதான். வென்-சுங் புதுக் கிண்ணத்தோடு பின்கட்டில் முட்டி போட்டான். கால்சட்டையில் ஏற்கெனவே தார் ஒட்டியிருந்தது. சித்தப்பா இரண்டு நாணயம் கொடுத்தார்.

"சுண்டிப் போடு. ஒண்ணு தலை, ஒண்ணு பூ விழுந்தா எடுத்துக்கன்னு அர்த்தம். ரெண்டும் பூன்னா கோபமா இருக்கார். ரெண்டும் தலைன்னா சிரிக்கிறார்."

"சிரிச்சா?"

"சிரிச்சா மறுபடி போடணும்."

போட்டான். இரண்டும் பூ. பொறுக்கி மறுபடி போட்டான். இரண்டும் பூ.

"தரை சாய்வா இருக்கு" என்றாள் மெய்-ஜு.

வென்-சுங்கின் கழுத்தில் வியர்வை வழிந்தது. மூன்றாவது தடவை கையைக் குவித்துக்கொண்டு அப்படியே இருந்தான். போடவில்லை. நிமிர்ந்து தங்கையைப் பார்த்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வராதபோது இப்படித்தான் பார்ப்பான்.

சூ-யுன் சுவர் நிழலில் இருந்த வாளியை இழுத்துக்கொண்டு வந்தாள். காலையில் பிடித்த தண்ணீர். தரையில் உரசும் சத்தம் கூடம்வரை கேட்டிருக்கும். அவன் முன்னால் வைத்தாள்.

"குழாய்த் தண்ணி வேணாம். இதுல கேளு."

அவன் நாணயங்களை வாளிக்குள் போட்டான். அவை ஆடி ஆடி இறங்கின. சித்தப்பா குனிந்து பார்த்தார். அவருடைய மூக்குக்கண்ணாடி இன்னும் சமையலறை மேஜைமேல்தான் இருந்தது.

"ஒண்ணு தலை, ஒண்ணு பூ" என்றார். "எடுத்துக்க."

சூ-யுன்னும் குனிந்து பார்த்தாள். அடியில் இரண்டும் தலையாகக் கிடந்தன.

வென்-சுங் இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துத் தண்ணீருக்குள் இறக்கினான்.

"பாதிக்கு மேல எடுக்காத" என்றாள். "மூங்கிலுக்கு வேணும்."

அவன் தலையாட்டிவிட்டு, கிண்ணத்திலிருந்து ஒரு வாய் அளவு வாளிக்கே திருப்பி ஊற்றினான். எழுந்து, சிந்தாமல், ஒவ்வொரு அடியாக உள்ளே போனான். மற்றவர்கள் அவன் பின்னால் போனார்கள். சூ-யுன் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் ஆடி அடங்கி, அடியில் இருந்த இரண்டு முகமும் தெளிவாகத் தெரியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.